ஏணியும் பகடையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இப்போது லைக் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து என் மகள் போன் செய்தாள். குரலிலேயே தெரிந்தது, அழுதிருக்கிறாள். "அம்மா, உன் பேரன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? என் அக்கவுண்ட்லேர்ந்து ஆறாயிரத்து முந்நூறு ரூபா போயிருக்கு. நூறும் இருநூறுமா, ஒரு மாசமா போயிருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பாடத்துக்கு என்று வாங்கிக்கொண்ட அம்மாவின் போனில் ஒரு கேம் இறக்கியிருக்கிறான். அதில் பெட்டி திறக்க வேண்டும். திறந்தால் ஏதாவது வீரனோ வாளோ வரும். வேண்டியது வரவில்லை என்றால் இன்னொரு பெட்டி. அப்படித் திறந்து திறந்து போன பணம் அது.

மகள் சும்மா இருப்பாளா? போனில் இருந்த எல்லா கேமையும் அழித்துவிட்டாள். மருமகனின் பழைய லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்த லேப்டாப்பில்தான் சனி, ஞாயிறுகளில் நானும் பேரனும் சேர்ந்து ஆடுவோம். "அதுல காசு போகலையேம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். "எல்லா கேமும் ஒண்ணுதான். நீயும் சேர்ந்துதான் அவனைக் கெடுத்தே" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு. எல்லா கேமும் ஒன்றல்ல என்பது என் கட்சி. அதை ஒரு டீச்சராக, என் சொந்தத் தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

65 வயதில் வீடியோ கேம் ஆடும் டீச்சரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, திருக்கழுக்குன்றம் ஒன்றியத்தில் கடலோரக் கிராமங்களின் தொடக்கப்பள்ளிகளில் 34 வருடம் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து, 2018இல் ஓய்வு பெற்றேன். 2020இல் ஊரடங்கு வந்தது. மகளும் மருமகனும் வீட்டிலிருந்தே வேலை. எட்டு வயதுப் பையனைச் சமாளிக்க முடியாமல் செங்கல்பட்டில் என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே அந்தப் பழைய லேப்டாப்பும் வந்தது.

அவன் ஆடிய கேமில் பக்கம் பக்கமாக ஆங்கில வசனம் வரும். "ஆயா, இதுல என்ன சொல்றான், படிச்சுச் சொல்லேன்" என்று கூப்பிடுவான். படித்துச் சொல்ல உட்கார்ந்தவள், ஒரு வாரத்தில் "இந்தக் கிழவனை நம்பாதடா" என்று யோசனை சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் அவன் தூங்கிய பிறகு நானே திறந்து ஆடினேன். ஒருநாள் மணி பார்த்தால் ராத்திரி ஒன்று. ஆகவே நேரம் போகும் என்று மகள் சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். எனக்கே போயிருக்கிறது.

நாங்கள் ஆடியவை ரோல் ப்ளேயிங் கேம் என்ற வகை. வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. இதற்கு மூலம் கம்ப்யூட்டர் அல்ல, காகிதம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். "எதிரே பூட்டிய கதவு, என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். உடைக்கலாம், தட்டலாம், திரும்பிப் போகலாம். பகடை உருட்டி முடிவு பார்ப்பார்கள். பிறகு இதுவே கம்ப்யூட்டருக்கு வந்தது.

இது நமக்கு அந்நியமா என்ன? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது ஊரே வேடம் ஏற்கிறது. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று நெட்டுக்குத்தாக நட்ட மரத்தில் வேடக்காரர் ஏறுவார். கீழே நிற்கும் ஜனங்கள் அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்துவார்கள். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், படுகளம். அப்புறம் தீமிதி. விடிய விடிய துரியோதனனாக நின்றவர் காலையில் டீக்கடையில் சாதாரண ஆளாக நிற்பார். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க இன்னொருவன் இடத்தில் நின்று பார்த்தவர் அவர். நல்ல ரோல் ப்ளேயிங் கேம் செய்வதும் அதுதான். ஒரு வித்தியாசம், கூத்தில் கதை முடிவு தெரிந்தது; இதில் நம் தேர்வைப் பொறுத்துக் கதை திரும்பும்.

இந்த கேம்களின் முக்கியமான உறுப்பு 'லெவல்'. சண்டையிலோ வேலையிலோ புள்ளி சேரும். சேர்ந்தால் அடுத்த படி. 1986இல் ஜப்பானில் யூஜி ஹோரி என்பவர் உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' இந்த முறையைச் சின்னப் பிள்ளைகளும் ஆடும்படி எளிமையாக்கியது. கை வேகம் இல்லாதவர்கள்கூடப் பொறுமையாக ஆடினால் பலம் சேர்த்து ஜெயிக்கலாம். விரல் மூட்டு வலி உள்ள என்னைப் போன்றவர்கள் ஆட முடிவதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அடடே, இது நம்ம ஏணி!" என்றேன். பேரன் முழித்தான். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் சட்டென்று புரியும். செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷி வேலி பள்ளியினர், சுற்றுக் கிராமங்களுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனையாக ஆரம்பித்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். இதற்கு முன்னின்றவர். 2007–08இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், ஒரு எண். சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை வந்து ஏணியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கும். தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுக்கும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும். ஆசிரியரின் முழு உதவி பெறும் குழு, சக மாணவர் உதவி பெறும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என்று ஆறு குழுக்கள். நாற்காலி போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். மாதக் கணக்கில் வரமாட்டார்கள். பழைய முறையில் திரும்பி வரும்போது புத்தகம் 30 பக்கம் ஓடியிருக்கும். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும். கொஞ்ச நாளில் நின்றுவிடும். ஏணி வந்த பிறகு, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். யாரும் திட்டுவதில்லை, கேலி இல்லை. கேமில் இதற்கு 'சேவ்' என்று பேர். பேரன் 'சேவ்' செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சூளைப் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும். தோற்றால் அவமானம் கிடையாது, அடுத்த படி கண்ணுக்குத் தெரிகிறது, அவரவர் வேகம் அவரவருக்கு. நல்ல கேமின் அடிப்படை இந்த மூன்றும்தான். நல்ல வகுப்பறையின் அடிப்படையும் இவைதான்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

பார்வைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், இந்தப் பிள்ளை எந்த மைல்கல்லில் இருக்கு?" என்பதுதான். ஏணியில் பின்தங்கியவர்கள் நிறைய இருந்தால் நமக்குத் தலைகுனிவு. நான் அட்டைகளை விரட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகளும் கண்டுபிடித்துவிட்டார்கள், அட்டையை முடித்தால் டீச்சர் முகம் மலரும் என்று. "முடிச்சுட்டேன் டீச்சர்" என்று ஓடிவருவார்கள். பத்து அட்டை தாண்டிய பிள்ளையைப் பழைய அட்டையிலிருந்து ஒரு வரி படிக்கச் சொன்னால் திணறும். படியேறியது எண் மட்டும்தான், பிள்ளை ஏறவில்லை.

அதே வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கெட்டிக்காரி, ஆனால் ஏணியில் எப்போதும் பின்னால்தான் நிற்பாள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். "உனக்கு என்ன குறை? ஏன் அங்கேயே நிக்கறே?" என்று. அவள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த பையன்தான் சொன்னான், "டீச்சர், அவ எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா." சக மாணவர் உதவிக் குழுவில் உட்கார்ந்து, தன் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு பேருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், வாரக் கணக்கில். அதற்கு ஏணியில் படி கிடையாது. படி இல்லாததால் என் கண்ணுக்கும் தெரியவில்லை. அன்று நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போதும் மாமல்லபுரம் கடைத்தெருவில் பார்த்தால் "டீச்சர்" என்று ஓடிவருகிறாள். அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

முறை தப்பு என்று நான் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோமோ அதையே பிள்ளைகள் துரத்துவார்கள். எண்ணத் தெரியாத நல்லது அப்படியே ஓரமாகப் போய்விடும். இதை எனக்குப் புரியவைத்தது எந்தக் கல்வியியல் புத்தகமும் இல்லை, ஒரு கேம்.

'அண்டர்டேல்' என்பது அதன் பெயர். 2015இல் வந்தது. டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் பெரும்பாலும் தானே உருவாக்கியது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். பூமிக்கடியில் பூதங்களின் உலகத்தில் விழுந்துவிட்ட ஒரு குழந்தை நாம். ஆரம்பத்திலேயே ஆட்டு முகம் கொண்ட ஒரு அம்மா நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் வீட்டில் வைத்துப் பணியாரம் மாதிரி இனிப்பு செய்து கொடுக்கிறாள். வெளியே போனால் செத்துவிடுவாய் என்று வழியை மறிக்கிறாள். சண்டை போட்டுத்தான் போக வேண்டும் போலத் தோன்றும். பேரன் அடித்தான். அவள் செத்துப்போனாள்.

பையன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பழைய 'சேவ்' இருக்கும் இடத்துக்குப் போய் மறுபடி ஆடினான். இந்தத் தடவை அடிக்காமல், விட்டுவிடுகிறேன் என்ற தேர்வையே திரும்பத் திரும்ப அழுத்தினான். ரொம்ப நேரம் கழித்து அவள் வழிவிட்டாள். அப்பாடா என்று வெளியே வந்தால், ஒரு பூ பேசுகிறது. நீ முதலில் அவளைக் கொன்றாய், மனசு கேட்காமல் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. பேரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஆயா, இதுக்கு எப்படித் தெரியும்?"

அந்த கேமில் யாரையும் கொல்லாமல் கடைசிவரை போகலாம். அப்படிப் போனால் லெவல் ஏறாது, ஒன்றிலேயே நிற்கும். கடைசியில் ஒரு மண்டபத்தில் ஒரு எலும்புக்கூடு நம்மை நிறுத்தி விளக்கும். இவ்வளவு நேரம் அனுபவப் புள்ளி என்று நாம் நினைத்தது கொன்ற கணக்கு. லெவல் என்று நினைத்தது நம்முள் ஏறிய வன்முறையின் அளவு. லெவல் ஒன்றில் நின்றவன்தான் நன்றாக ஆடியவன். நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்தேன். ஏணியில் பின்னால் நின்ற அந்தப் பெண் பிள்ளைதான் கண்ணில் நின்றாள்.

இந்த வகையில் பழையவையும் உண்டு. 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4'இல் கொல்ல வேண்டிய பெரிய வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம் என்று எட்டு நற்குணங்களில் நாம் தேற வேண்டும். அதில் மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைப்பது என்பது நம் கையில். குறைத்து வைத்தால் அப்போது ஒன்றும் ஆகாது. ஆனால் நேர்மையில் அடி விழுந்துகொண்டே இருக்கும். 1995இல் வந்த 'குரோனோ ட்ரிக்கர்' என்ற ஜப்பானிய கேமில் ஆரம்பத்தில் ஒரு திருவிழா. பிறத்தியார் சாப்பாட்டை எடுத்துத் தின்றாயா, குழந்தையின் பூனைக்குட்டியைத் தேடிக் கொடுத்தாயா என்பதெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்புக்கு நீதிபோதனை எடுத்தவள் சொல்கிறேன், இதைவிட நன்றாக நான் எடுத்ததில்லை.

என் அபிமான வகையைப் பற்றிக் குறையும் சொல்லிவிடுகிறேன். இன்று வரும் பெரிய கேம்கள் பலவற்றில் சரக்கு இல்லாமல் நீட்டிக்கொண்டே போகிறார்கள். அந்தக் காட்டில் போய்ப் பத்து ஓநாய்த் தோல் கொண்டு வா, இந்தக் கடிதத்தை அந்த ஊரில் கொடு என்று. நூறு மணி நேரம் ஆடலாம் என்று பெருமையாக விளம்பரம் வேறு. அரை மணியில் சொல்லிக்கொடுக்க வேண்டியதை நாலு பீரியடு இழுக்கும் ஆசிரியரை யாராவது பாராட்டுவார்களா?

இப்போது பகடைக்கு வருகிறேன். பேரன் பணம் விட்ட கேமும் ரோல் ப்ளேயிங் என்று சொல்லிக்கொள்வதுதான். வேடம் உண்டு, லெவல் உண்டு, கதையும் கொஞ்சம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் யந்திரம் வேறு. முதலில் ரூபாயை வைரக்கல்லாக மாற்றுகிறார்கள், அப்போது செலவு செய்வது ரூபாய் என்பதே மறந்துவிடும். பிறகு கல்லைப் போட்டுப் பெட்டி. பெட்டிக்குள் என்ன என்பது அதிர்ஷ்டம். இந்த வீரன் இன்னும் மூன்று நாள்தான் கிடைப்பான் என்று கடிகாரம் ஓடும். தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் போச்சு.

இதில் வாய்ப்பு எவ்வளவு என்று தெரியுமா? பேரன் ஆடியது வேறு. உலகப் பிரபலமான 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற கேமில் உயர்ந்த ரகப் பாத்திரம் ஒரு முறை எடுப்பில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அவர்களே வெளியிட்ட கணக்கு இது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இந்தப் பெட்டி விற்பனை தொடர்பாக அந்த கேமின் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 2 கோடி டாலர் அபராதமும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெட்டி விற்கக் கூடாது என்ற தடையும் இருந்தன. பெல்ஜியம் 2018இலேயே இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் 2022ஆம் வருடச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் முக்கியமாகக் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. ரம்மியால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த மாநிலம் நம்முடையது, அது தேவைதான். ஆனால் பிள்ளைகள் கையில் இருக்கும் பெட்டிகளைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேசவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம். பாரதக் கூத்தில் சூதாட்ட ராத்திரி பார்த்தவர்களுக்குத் தெரியும். தருமர் கெட்டவர் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. ஒவ்வொரு உருட்டலிலும் இந்தத் தடவை திரும்பிவிடும் என்று நினைத்தார். பொன் போனது, நாடு போனது, தம்பிகள் போனார்கள், தானே போனார், கடைசியில் திரௌபதி. பகடை சகுனி கையில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். தருமரே எழுந்து வர முடியாத இடத்தில் 13 வயதுப் பையன் எழுந்து வருவான் என்று எதிர்பார்க்கலாமா? தப்பு செய்தான், சரி. அம்மாவிடம் மறைத்தான், அது பெரிய தப்பு. ஆனால் பகடை செய்தவனை விட்டுவிட்டு உருட்டியவனை மட்டும் அடிப்பது நியாயமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் அவனை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். வீட்டில் உட்கார வைத்துப் பேசினால் விசாரணை மாதிரி இருக்கும் என்று, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே உட்கார்ந்தோம். 34 வருடத்தில் எத்தனையோ சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கே நிறுத்தியிருக்கிறேன். தவம் செய்வது அர்ச்சுனன் என்பார்கள் சிலர், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்பார்கள் சிலர். பக்கத்திலேயே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள். பூனையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே சொன்னான், "அந்த கேம் இந்தப் பூனை மாதிரி, ஆயா."

பிறகுதான் நிஜக் காரணம் வந்தது. வகுப்பில் ஐந்தாறு பையன்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். அந்த வீரன் இல்லாதவனைக் கூட்டணியில் சேர்ப்பதில்லை, 'நூப்' என்று கூப்பிடுகிறார்கள். இவனுக்கு வேண்டியிருந்தது வாளோ வீரனோ இல்லை, மதிய இடைவேளையில் கூட உட்கார நாலு பேர். அதை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மகள் பணத்தைக் கேட்டாள், மருமகன் பாஸ்வேர்டைக் கேட்டார், நானும் அதுவரை எந்த கேம் என்றுதான் கேட்டேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூஞ்சேரியில்தான் 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை எல்லாத் தெருவிலும் நின்றது. நம் குகேஷ் முதல் பலகையில் தங்கம் வாங்கினார். அப்போது யாரும் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சொல்லவில்லை. சதுரங்கத்தையும் சூதையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிகிறது. திரைக்குள் போனதும் மட்டும் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் நாம் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

அதனால் மகளை உட்கார வைத்தேன். 'வெண்பா' என்று ஒரு சின்ன கேம், 2023இல் வந்தது. டொரன்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' செய்தது. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. ரோல் ப்ளேயிங் வகை என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் ஏற்கும் வேடம் நம்முடையது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் அம்மா. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்திருக்கும். மீதியை நாமே யோசித்து இட்லி வைக்க வேண்டும். மகள் முதல் தடவை தப்பாக வைத்தாள், "நான் தினம் வைக்கறேன், எனக்கே வரலையே" என்று சிரித்தாள். மகன் தமிழில் பேச மறுக்கும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றரை மணி நேரம் இருக்கும், முடிந்துவிட்டது. ஒரு தடவை விலை கொடுத்தோம், நடுவில் ஒரு காசு கேட்கவில்லை. "சரி, இது வேறதான்" என்றாள். அவ்வளவு சொன்னதே பெரிது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, கேமின் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிள்ளை பக்கத்தில் அரை மணி உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இதற்கு முடிவு உண்டா? கூத்துக்கு விடியல் உண்டு, ஏணிக்குக் கடைசி அட்டை உண்டு; முடிவே இல்லாத ஆட்டம் பிள்ளையைத் தானாக வெளியே விடாது. இரண்டு, காசு போட்டால் என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியுமா, அல்லது பகடையா? மூன்று, இதில் எதற்குப் புள்ளி தருகிறார்கள்? அதைத்தான் உங்கள் பிள்ளை துரத்துவான். இந்த மூன்றாவது கேள்வியை உங்கள் வீட்டு ரேங்க் கார்டைப் பார்த்தும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் காலம் கடந்து கேட்டேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. பேரன் தன் கைச்செலவுப் பணத்திலிருந்து மாதம் 200 ரூபாய் அம்மாவுக்குத் திருப்பிக் கட்டுகிறான். கணக்குப் போட்டால் இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். போனில் பணம் கட்டும் வசதிக்குத் தனிப் பூட்டு போட்டாயிற்று. லேப்டாப் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. நானும் அவனும் இப்போது சார்ட் பேப்பரில் சொந்தமாக ஒரு ரோல் ப்ளேயிங் கேம் எழுதுகிறோம். கடலோரக் குப்பம், புயல் எச்சரிக்கை, ஊருக்குள் ஆறு வேடம். லெவல் கிடையாது. யார் யாருக்கு உதவினார்கள் என்பதை மட்டும் எப்படி எண்ணுவது என்பதில் இரண்டு வாரமாகச் சிக்கி நிற்கிறோம். எண்ண ஆரம்பித்தால் அதற்காகவே உதவுவார்களே என்று பேரன் மடக்குகிறான். என்னிடம் பதில் இல்லை. அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரை அடுத்த ஞாயிறு ஆட வரச் சொல்லியிருக்கிறான்.

மகளிடம் இந்தப் பதிவைப் போடலாமா என்று கேட்டேன். படித்துவிட்டு, "தொகையைப் போட்டே ஆகணுமா?" என்றாள். போட வேண்டும் என்றேன். நம் வீட்டில் நடக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இது நடக்கிறது.

செயல்வழிக் கற்றலில் வேலை பார்த்த ஆசிரிய நண்பர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஏணியில் படி இல்லாத நல்லதை நீங்கள் எப்படிக் கவனித்தீர்கள்? பெற்றோர்கள் உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்டும் பின்னூட்டங்கள் மட்டும் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், செங்கல்பட்டு.